அடிக்கு முன்னாடி வந்த சத்தம்

அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சொல்வாங்க. எனக்கு ரெண்டுமே உதவியிருக்கு. என் பொழப்பே அடிக்கிறதுதான், அந்தப் பொழப்ப வாங்கிக் குடுத்தது என் அண்ணன் பொண்டாட்டி. அண்ணியப் பத்தித்தான் இப்போ சொல்லப் போறேன். நடுவுல யாராவது 'அது எப்படி, இது எப்படி'ன்னு குறுக்க வந்தா எனக்குக் கோவம் வரும், இப்பவே சொல்லிட்டேன்.

அண்ணி படிச்சது மண்ணுக்குள்ள அதிர்வை அனுப்பி உள்ள என்ன இருக்குன்னு பாக்குற படிப்பு. அண்ணனுக்குப் பொண்ணு பாத்துட்டு வந்த அன்னிக்கு எங்கப்பா, "பொண்ணு மண்ணைப் பத்திப் படிச்சிருக்கா, நல்ல பொறுமைசாலியா இருப்பா"ன்னாரு. பொறுமையா! அண்ணிக்கு மண்ணுகிட்ட மட்டும்தான் பொறுமை. மனுஷங்க ஒரு நிமிஷம் லேட்டா வந்தாலும் மூஞ்சி சிவந்துடும்.

எங்க வேலை இதுதான். தரையில வரிசையா காது ஊனுவோம். காதுன்னா உள்ளங்கையில அடங்குற ஒரு கருவி, கீழ ஆணி இருக்கும், மண்ணு துளி அசைஞ்சாலும் கம்பி வழியா மெஷினுக்குச் சொல்லிடும். நான் ஒரு இரும்புத் தகட்டைத் தரையில வச்சு சம்மட்டியால போடுவேன். அந்த அதிர்வு கீழ போயி, மண்ணு எங்க குணம் மாறுதோ அங்க பட்டுத் திரும்பி வரும். எந்தக் காதுக்கு எப்போ வந்துச்சுன்னு பாத்து அண்ணி அடியில இருக்கிறதைப் படமாப் போடுவாங்க. இது கேக்கத்தான் சுலபம். "எண்ணெய்க்காக ஆழத்துல பாக்குறவங்க புண்ணியம் பண்ணவங்க தம்பி. நமக்கு வாய்ச்சது காலடி. காலடியில இருக்கிறதுதான் கண்ணுக்குத் தெரியாது"ன்னு அண்ணி அடிக்கடி சொல்வாங்க. ஆழத்துல இருந்து வர்றது நிதானமா வருமாம். காலடியில இருந்து வர்றது நான் அடிச்ச அடியோட அதிர்வு அடங்குறதுக்குள்ளயே வந்து அதுலயே கலந்துடும். மிக்ஸி ஓடும்போது போன்ல பேசுற கதைதான். அதுலயும், பாதி ஊர்ல தரைக்கடியில இருக்கிறது மண்ணே கிடையாது. செங்கல் துண்டு, பழைய குழாய், குப்பை, எவனோ மூடின குழி. மேல தார் ரோடு கெட்டியா இருந்து அடியில பொள்ளலா இருந்தா அதிர்வு மேலயே ஓடிப் போயிடும், கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி காட்டும்.

அதனால ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அடிச்சு, எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கிக் கூட்டுவாங்க. தப்பான சத்தம் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடும், நிஜம் மட்டும் தடிச்சு நிக்கும். அப்போ சுத்தி யாரும் அசையவே கூடாது. ஒரு ஆள் நடந்தாலே போச்சு. அண்ணி உள்ளங்கையைத் தூக்கினா எல்லாரும் இருக்கிற இடத்துலயே நிக்கணும். இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துடுச்சு. அடுப்பு முன்னாடி எதையாவது யோசிக்கும்போது கையத் தூக்கிடுவாங்க, நாங்க எல்லாரும் தட்டும் கையுமா நிப்போம். அண்ணன், "ஏம்மா, இது வீடா பொம்மைக் கடையா?"ன்னு கேப்பாரு, ஆனா அசைய மாட்டாரு.

அந்தத் தெருவுக்குப் போனது பெரிய மழைக்கு அப்புறம். டயர் கடை, துணி துவைக்கிற கடை, அச்சகம்னு பட்டறைங்க நிறைஞ்ச தெரு. அடியில பழைய செங்கல் வாய்க்கால் ஒண்ணு ஓடுது. அது எப்படிப் போகுது எங்க வளையுதுன்னு யார்கிட்டயும் படம் இல்ல. தண்ணி வெளியேத்துற பம்ப்பைப் பாக்குறவர் மூடியத் திறந்து உள்ள இறங்கியிருக்காரு. கொஞ்ச நேரத்துல தெரு நடுவுல ரோடு அப்படியே உள்வாங்கிடுச்சு, இறங்கின வழியும் மூடிக்கிச்சு. ஆளு எங்க இருக்காருன்னு தெரியாம தோண்டினா மிச்சக் கூரையும் அவர் தலையில விழும். அதனால எங்களைக் கூப்பிட்டாங்க. உள்ள காத்து நிக்கிற பொந்து எங்க இருக்குன்னு அண்ணி கை நீட்டிக் காட்டணும், அங்க தோண்டணும். தப்பா காட்டினா ஒரு உசுரு போயிடும்.

பம்ப்காரரோட பொண்டாட்டி கயிறு கட்டின இடத்துல நின்னுக்கிட்டிருந்தாங்க. அண்ணி அவங்க கிட்டப் போயி, "அக்கா, நான் கையத் தூக்கினா நீங்க அழவும் கூடாது. அழுதா ஒடம்பு குலுங்கும், அதுவும் எனக்குக் கேக்கும்"னாங்க. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்தம்மா முந்தானைய வாயில திணிச்சுக்கிட்டாங்க.

பட்டறைக்காரங்க எல்லாம் போட்டது போட்டபடி ஓடியிருந்தாங்க. துவைக்கிற கடையில ஒரு மெஷின் துணியோட பாதியில நின்னுக்கிட்டு இருந்துச்சு. அச்சகத்துல ஃபேன் சுத்திக்கிட்டே இருந்துச்சு, அதைக்கூட அண்ணி ஆள் அனுப்பி நிறுத்தினாங்க. தெரு முனையில போலீஸ் வண்டிங்கள நிறுத்திட்டாங்க. வயர்காரர் காதுகள ஊனி முடிச்சாரு. எங்க மூணாவது ஆள் அவரு, வாயில எப்பவும் ஏதாவது முணுமுணுத்துக்கிட்டே இருப்பாரு, அன்னிக்கு வாயே திறக்கல. அண்ணி கையத் தூக்கினாங்க. பட்டப்பகல்ல ஒரு தெரு முழுக்க ஜனங்க மூச்ச அடக்கிக்கிட்டு சிலையா நின்னாங்க. அந்த மௌனத்துல நான் மட்டும் சம்மட்டியத் தூக்கிப் போட்டுக்கிட்டு இருந்தேன்.

எனக்குக் கை கொஞ்சம் வேகம். ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது, ஒரே தாளத்துல போட்டுக்கிட்டே போவேன். "பதறாத காரியம் சிதறாது தம்பி, கொஞ்சம் விட்டு விட்டுப் போடு"ன்னு அண்ணி எத்தனையோ தடவை சொல்லியாச்சு. அன்னிக்கும் கொஞ்ச நேரம் கழிச்சு அண்ணி கூப்பிட்டப்போ, திட்டத்தான்னு நினைச்சேன்.

"தம்பி, சம்மட்டி துள்ளுதா?"

"இல்லியே அண்ணி, நல்லா அழுத்தித்தான் போடுறேன்."

"அப்போ இது என்ன?"

போய்ப் பாத்தேன். நான் அடிக்கிற அந்த நொடியிலதான் மெஷின் கணக்கு ஆரம்பிக்கும், ஆனா அதுக்கு ஒரு துளி முன்னாடி இருந்தே பதிவு ஓடும். அடிக்கு முன்னாடி கோடு தட்டையா இருக்கணும். அடிக்காத அடிக்கு ஏது சத்தம்? ஆனா திரையில அங்க ஒரு மேடு. சின்னது, ஆனா தெளிவா இருந்துச்சு. அடிகள அடுக்க அடுக்க அது தடிச்சுக்கிட்டே வந்திருக்கு. நான் தரையைத் தொடுறதுக்கு முன்னாடியே தரை சத்தம் போட்டிருக்கு.

அண்ணி முதல்ல என்னைத் திட்டினாங்க. அப்புறம் வயர்காரரை, "கால ஆட்டுறியா?"ன்னாங்க. அவர் ரெண்டு காலையும் காட்டினாரு, பாவம், செருப்பக்கூட கழட்டிட்டு நின்னாரு. அப்புறம் மெல்லச் சொன்னாங்க. "நீ அடிச்சுக்கிட்டே இரு, அதே தாளம். நான் கண்ண காட்டினதும் சம்மட்டியத் தூக்கு, ஆனா போடாத."

நான் போட்டுக்கிட்டே இருந்தேன். அண்ணி கண்ண காட்டினாங்க. தூக்கின சம்மட்டி தலைக்கு மேலயே நின்னுச்சு. அண்ணி கையாலயே மெஷினை ஓட விட்டாங்க. நான் போட்டிருக்க வேண்டிய அந்த நேரத்துக்கு, சரியா அதே இடத்துல, கோடு எகிறுச்சு.

யாரோ அடிச்சாங்க. நான் அடிக்கல.

 சம்மட்டிய நழுவ விட்டிருப்பேன், வயர்காரர் வந்து பிடிச்சாரு. அண்ணிதான் முதல்ல தெளிஞ்சாங்க. "அடப்பாவி, பதில் சொல்றாங்கடா! உன் தாளத்தப் பிடிச்சுக்கிட்டாங்க. தாளம் போடுறவங்க எல்லாருமே ஒரு நூல் முந்தித்தான் தட்டுவாங்க"ன்னு கத்தினாங்க. இத்தனை நேரம் நாங்க பதில் வந்தது தெரியாமத்தான் இருந்திருக்கோம். எங்க மெஷின் ஒவ்வொரு அடிக்கும் கண் சிமிட்டுற நேரம்தான் கேக்கும், அப்புறம் காதை மூடிக்கும். கீழ இருக்கிற ஆள் கேட்டுட்டு, யோசிச்சு, தட்டுறதுக்குள்ள அது மூடிடும். ஆளு என் தாளத்தக் கத்துக்கிட்டதாலதான் மெஷின் காதைத் திறக்கிற நேரத்துக்கு அந்தத் தட்டல் உள்ள வந்துச்சு.

அதுக்கப்புறம் நான் அடிக்கவே இல்ல. அந்தத் தட்டல் எந்தக் காதுக்கு முதல்ல வருது, எதுக்கு அப்புறம் வருதுன்னு அண்ணி வரிசைய ரெண்டு விதமா மாத்திப் பாத்தாங்க. கடைசியில டயர் கடைக்கு எதிர்ல இருக்கிற விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்துல கை நீட்டினாங்க. ஆனா அங்க நேராத் தோண்ட முடியல. கம்பத்தைச் சுத்தித் தரை வெடிச்சுக் கிடந்துச்சு, யாரும் கால் வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. எங்க வரிசைக்கும் கம்பத்துக்கும் நடுவுல ஆழமா குறுக்க வெட்டி, பக்கவாட்டுல உள்ள போறதுன்னு முடிவாச்சு.

கம்பத்துகிட்ட போறதுக்கு முன்னாடியே ஆளு கிடைச்சுட்டாரு. உசுரோட! உத்திரக் கட்டைக்கு அடியில மாட்டிக்கிட்டு இருந்தாரு, மூஞ்சியெல்லாம் சேறு. அவரோட பொண்டாட்டி ஓடி வந்து அண்ணியக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க, அப்போ அழலாம்ல. தெருவே கை தட்டுச்சு. மீட்பு வேலைய நடத்தின பொறுப்பதிகாரி அண்ணிக்குக் கை குடுத்தாரு. அண்ணி மட்டும் கம்பத்தையே பாத்துக்கிட்டு, "ஒரு லாரி நீளம் தள்ளிக் கிடைச்சிருக்காரே"ன்னாங்க.

"ஆனைக்கும் அடி சறுக்கும் அண்ணி, இந்தக் கண்றாவி மண்ணுல ஒரு லாரி நீளமெல்லாம் ஒரு தப்பா?"ன்னேன். அதிகாரியும் சிரிச்சாரு. அண்ணி சிரிக்கல. வீட்டுக்கு வந்தும் சரியா சாப்பிடல, அண்ணன் என்னைத்தான் முறைச்சாரு.

மறுநாள் காலையில அண்ணி என்னை இழுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. பம்ப்காரர் படுத்திருந்தாரு, ரெண்டு கையிலயும் தோள் வரைக்கும் கட்டு. எங்களைப் பாத்ததும் கண் கலங்கிடுச்சு. அண்ணி ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்து, "அண்ணே, எதால தட்டினீங்க?"ன்னு கேட்டாங்க.

அவருக்குப் புரியல. "நான் எங்கம்மா தட்டினேன்? ரெண்டு கையும்தான் கட்டைக்கு அடியில மாட்டிக்கிச்சே. விரலக்கூட அசைக்க முடியல."

அண்ணி அசையாம இருந்தாங்க.

"நீங்கதான் தட்டினீங்க"ன்னாரு அவரு. "மேல இருந்து ஒரு அடி வரும். கூடவே என் தலைமாட்டுப் பக்கம், செவுத்துக்கு அந்தாண்ட, ஒரு அடி. ரெண்டும் சேந்து சேந்து. மேல நின்னப்புறமும் அந்தப் பக்கம் நிக்கல. நீங்கதான் சுத்தி வந்து உடைக்கிறீங்கன்னு நினைச்சேன். உடைக்கவே இல்ல, தட்டிக்கிட்டே இருந்துச்சு. தம்பி, சிரிக்காதீங்க, நான் பேய்னே முடிவு பண்ணிட்டேன். கண்ண மூடிக்கிட்டேன்."

நான் எங்க சிரிக்கிறது!  அண்ணி ஏற்கெனவே வயர்காரருக்குப் போன் பண்ணிக்கிட்டு வாசலைத் தாண்டிட்டாங்க. "குழிய மூடிட்டாங்களா? யாரையாவது கேளு! மூடிட்டாங்களா?"

நாங்க போய்ச் சேந்தப்போ கான்கிரீட் லாரி வந்து நின்னு, உருளை கடகடன்னு சுத்திக்கிட்டு இருந்துச்சு. லாரியோட குழாய, நேத்து வெட்டின குழிக்கு நேராத் திருப்பிட்டாங்க. அண்ணி போயி அந்தக் குழாய்க்கு அடியில நின்னுட்டாங்க. லாரி டிரைவர் "ஏம்மா, சாகப் போறியா?"ன்னாரு. "உருளைய நிறுத்து"ன்னாங்க. "நிறுத்தினா உள்ளயே இறுகிடும்மா!" "இறுகட்டும், நிறுத்து!" எனக்கும் கோவம் தலைக்கேறிடுச்சு, நானும் போயி பக்கத்துல நின்னுக்கிட்டேன்.

பொறுப்பதிகாரி வந்தாரு. நல்ல மனுஷன்தான், ஆனா அவருக்கு மேல பத்து பேர். "எந்தக் குடும்பத்துல இருந்தும் ஆளைக் காணோம்னு ஒரு புகார் இல்லம்மா. தெருவுல எல்லாரும் வந்தாச்சு. பக்கத்து வீடுங்க வெடிச்சுக்கிட்டு வருது, இதை மூடணும்"னாரு. அண்ணி ஆஸ்பத்திரியில கேட்டதைச் சொன்னாங்க. அடிபட்டு மயக்கத்துல கிடந்தவர் சொல்றதை எப்படி எடுத்துக்கிறதுன்னு அவர் தலையச் சொறிஞ்சாரு. கடைசியில, "ஒரு தடவை கேட்டுப் பாருங்க. ஆள் இருக்கா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, போதும்"னாரு.

உருளை நின்னுச்சு. வயர்காரர் காதுகள மறுபடியும் ஊனினாரு, நேத்து ஊனின அதே பக்கம்தான், கம்பத்துப் பக்கம் விட மாட்டேன்னுட்டாங்க. அண்ணி கை உயர்ந்துச்சு. தெரு செத்துப் போன மாதிரி ஆச்சு. நான் நேத்துத் தாளத்துலயே போட்டேன். மனசுக்குள்ள 'தட்டுப்பா, தட்டுப்பா'ன்னு கெஞ்சிக்கிட்டே போட்டேன். நிறுத்தினேன். அண்ணி மெஷினை மூட விடாம ஓட விட்டாங்க.

கோடு தட்டையா இருந்துச்சு.

மறுபடியும் போட்டேன். தட்டை. தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். தட்டை. வயர்காரர் என்னைப் பாத்தாரு, நான் அவரைப் பாத்தேன். யாரா இருந்தாலும் போயிட்டாங்கன்னு தோணிடுச்சு. இல்ல, அப்படி ஒருத்தர் இருந்ததே இல்லையோன்னும் ஒரு நொடி தோணுச்சு. அப்போ நேத்து என் கூட அடிச்சது யாரு? அந்த நினைப்பு வந்ததும் நிக்கிற தரை மேலயே எனக்கு நம்பிக்கை போயிடுச்சு.

"சொல்லுங்கம்மா"ன்னாரு அதிகாரி. "இருக்காங்களா, இல்லையா?"

அண்ணி திரையைப் பாத்தாங்க. இல்லைன்னு சொன்னா குழாய் திறக்கும். இருக்காங்கன்னு சொல்லி உள்ள காலியா இருந்தா, அதுக்கப்புறம் அண்ணி பேச்ச எவனும் மதிக்க மாட்டான். இத்தனை வருஷத்துல அண்ணி பாக்காததைப் பாத்தேன்னு சொல்லி நான் கேட்டதே கிடையாது. வீட்டுல பால் திரிஞ்சதைக்கூட மறைக்கத் தெரியாத மனுஷி.

"இருக்காங்க"ன்னாங்க அண்ணி. "தெளிவாக் கேக்குது. தோண்டுங்க."

நான் அதிகாரிக்குத் திரை தெரியாத மாதிரி நடுவுல போயி நின்னுக்கிட்டேன்.

தோண்டினாங்க. வெட்டின குழியில இருந்து கம்பத்துப் பக்கமா, மண்ணை முட்டுக் குடுத்துக் குடுத்து. எனக்கு நெஞ்சு அடிச்சுக்கிட்ட வேகத்துக்கு ஒரு காதை என் மேலயே ஊனியிருக்கலாம். மத்தியானம் சாய்ஞ்சப்போ செங்கல் சுவர் வந்துச்சு. ஓட்டை போட்டாங்க. உள்ள டார்ச் அடிச்ச ஆள் "ஐயோ"ன்னு பின்னாடி சாய்ஞ்சாரு. இருட்டுக்குள்ள ஒரு கை மட்டும் மேல போயி கீழ வந்துக்கிட்டு இருந்துச்சாம்.

இரும்பு பொறுக்குறவர் அவரு. வாய்க்காலோட அந்த முனையில இருந்து உள்ள வந்து துருப்பிடிச்ச கம்பி எடுக்குறது வழக்கமாம். தேடுறதுக்கு வீடுன்னு ஒண்ணு இல்ல. வெளிய கொண்டு வந்து ஸ்ட்ரெச்சர்ல படுக்க வச்சாங்க. கையில இருந்த கல்லை விட மாட்டேன்னுட்டாரு. கண்ணு மூடியிருக்கு, கை மட்டும் என் தாளத்துலயே ஸ்ட்ரெச்சர் கம்பியத் தட்டுது. நான் அடிக்கிற அதே வேகம். பாத்துக்கிட்டு நிக்க முடியல.

அண்ணி அவர் பக்கத்துல மண்டி போட்டு, அந்தக் கையப் பிடிச்சு நிறுத்தினாங்க. "போதும் அண்ணே, வந்துட்டோம். இன்னிக்குக் காலையில ஏன் நிறுத்திட்டீங்க? பயந்தே போயிட்டோம்."

அவர் கண்ணத் திறந்து அண்ணியப் பாத்தாரு. குரலே வரல, காத்துதான் வந்துச்சு. "நான் நிறுத்தவே இல்லியே. இன்னிக்குக் காலையிலதான் ரொம்ப ஓங்கித் தட்டினேன்."

அவர வண்டியில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. அண்ணி தெருவுலயே உக்காந்துட்டாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, நாங்க வெட்டின குழியக் காட்டினாங்க, எங்க காதுகளுக்கும் அவருக்கும் நடுவுல குறுக்க கிடந்த அந்தக் குழி. "நாமளே வெட்டிட்டோம் தம்பி. வெறும் காத்தை அதிர்வு தாண்டாது, அவர் அடிச்சதெல்லாம் இதுல விழுந்து செத்துப் போயிருக்கு"ன்னாங்க. அப்புறம் வாய் விட்டு அழுதாங்க. எனக்கும் தாங்கல.

வயர்காரர் பக்கத்துல வந்து நின்னாரு. இதுவரைக்கும் எத்தனை தெரு, எத்தனை மைதானம், எத்தனை தடவை அந்தத் தட்டையான கோட்டைப் பாத்துட்டு கம்பியச் சுருட்டிக்கிட்டு வந்திருக்கோம்னு அவர்தான் முதல்ல கேட்டாரு. அண்ணி அழுகைய நிறுத்திட்டு அவரை நிமிந்து பாத்தாங்க. நாங்க மூணு பேரும் காலடித் தரையைப் பாத்தோம்.